குளவிக்கூட்டைத் திறந்து பார்த்துவிட்டு எழுதலாமே

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளவி ஒரு புழுவைப் பிடித்துவந்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடுகிறது, இதை இன்றைய உயிரியலும் ஒப்புக்கொண்டுவிட்டது என்று தங்கள் ஆன்மிக இணைப்பில் சென்ற வாரம் ஒரு கட்டுரை வந்தது. முதல் பாதி பாகவதத்தில் இருக்கிறது. இரண்டாம் பாதி எந்த உயிரியலிலும் இல்லை. உவமையைக் குறை சொல்வது எங்கள் வேலையல்ல. கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை, சுவரிலிருந்து ஒரு கூட்டைப் பெயர்த்தால் பள்ளிப் பிள்ளைகூடப் பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமலே ‘விஞ்ஞானம் நிரூபித்தது’ என்று அச்சேற்றியதில்தான் வருத்தம்.

முதலில் நூல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பாகவதம் 11-ஆம் ஸ்கந்தத்தில் அவதூதர் தம் 24 குருமார்களைப் பற்றி யது மன்னனிடம் சொல்லிவருகிறார். 9-ஆம் அத்தியாயம் 22-ஆம் சுலோகம்: அன்பாலோ, பகையாலோ, பயத்தாலோ ஒருவன் மனத்தை எதில் முழுதும் வைக்கிறானோ அதன் வடிவை அடைகிறான். இதற்குச் சான்றாக 23-ஆம் சுலோகத்தில் சுவர்க்கூட்டில் அடைபட்ட புழு வருகிறது. 7-ஆம் ஸ்கந்தம் முதல் அத்தியாயத்தில், சிசுபாலனுக்கு எப்படி முக்தி கிடைத்தது என்று கேட்ட யுதிஷ்டிரருக்கு நாரதரும் இதே உவமையைத்தான் சொல்கிறார். இரண்டு இடத்திலும் பேச்சு மனத்தைப் பற்றியது. அன்று எல்லாரும் நம்பிய ஒன்றை உவமானமாக எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே.

சொல்லிலும் ஒரு சிக்கல். பாகவதத்தில் இருப்பது பேசஸ்கிருத் என்ற சொல், குளவியைக் குறிக்கும். பிற்காலத்தில் இது ‘பிரமர கீட நியாயம்’ என்று பெயர் பெற்றது. பிரமரம் என்றால் வண்டு, கீடம் என்றால் புழு, நியாயம் என்பது இங்கே உவமை வழக்கு. அதனால் நம் உபந்நியாசங்களில் சில நாள் குளவி வரும், சில நாள் வண்டு வரும். மண்ணைக் குழைத்துச் சுவரில் கூடு கட்டுவது குளவிதான். தமிழில் அதற்கு வேட்டுவன் என்றொரு பழைய பெயர் உண்டு. பெயர் வைத்தவர்கள் அது வேட்டையாடுவதைப் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும்.

தாழ்வாரம், ஜன்னலின் மேற்சட்டம், மின்பெட்டியின் பின்புறம், மாட்டிவைத்த சாமி படத்தின் பின்னால் என்று நம் வீடுகளில் இரண்டு வகை மண்கூடு அகப்படும். ஒன்று கோலிக்குண்டு அளவில் உருண்டையாக, குறுகிய கழுத்தும் வெளிப்புறம் மடங்கிய விளிம்புமாக, சின்னப் பானை போலவே இருக்கும். இது பானைக் குளவியின் கூடு. மற்றது சுண்டுவிரல் தடிமனில் குழல்களைப் பக்கம் பக்கமாக ஒட்டி, மேலே தாறுமாறாக மண்ணை அப்பியது போலிருக்கும். உள்ளங்கை அகலம் வரை வளரும். இதைக் கட்டுவது சேற்றுக் குளவி. கறுப்பும் மஞ்சளுமான உடம்பு, இடுப்பு மட்டும் நூலாக நீண்டிருக்கும். நம் பக்கத்து இனத்துக்கு 1781-இல் பூச்சியியலாளர் ஃபப்ரீசியஸ் வைத்த அறிவியல் பெயரிலேயே சென்னை இருக்கிறது: மதராஸ்பட்டானம்.

பெயர்க்கும் முன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத் துளை தெரிந்தால் உள்ளே இருந்தது வெளியேறிவிட்டது. ஈரக் கருமை இன்னும் மாறாத, அன்றோ முந்தைய நாளோ மூடிய அறைதான் வேண்டும். இவை தனிக்குளவிகள். தாய் கூட்டைக் காவல் காப்பதில்லை, துரத்திவந்து கொட்டுவதும் இல்லை. (கதண்டுக் கூட்டையும், கூட்டமாக வாழும் மற்றக் குளவிகளின் கூட்டையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றின் பக்கமே போகக்கூடாது.) பெயிண்டர்கள் பட்டி பார்க்கும் தகட்டைச் சுவரோடு படுக்கவைத்து மெதுவாக நெம்பினால் கூடு பாளமாக வந்துவிடும். பெரும்பாலும் அறைகளுக்குப் பின்சுவர் நம் வீட்டுச் சுவரேதான். எனவே திருப்பிப் பிடித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே தெரியும்.

பானைக் குளவியின் கூட்டில் பச்சைப் புழுக்கள் பல, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். சேற்றுக் குளவியின் கூட்டில் புழு கிடையாது. அறைக்கு ஐந்தாறு முதல் பதினைந்து வரை சிலந்திகளைத் திணித்து வைத்திருக்கும். இங்கேயே நியாயம் இடறுகிறது. ஒரு புழு ஒரு குளவியாக மாறுவதானால் ஓர் அறைக்கு ஒரு புழு போதுமே, இத்தனை எதற்கு? சிலந்தி அடைபட்ட கூட்டிலிருந்து வரும் குளவி எந்தப் புழுவின் தியானத்தால் வந்தது?

இரைகளுக்கு நடுவே இன்னொன்றையும் தேடுங்கள். நீண்ட அரிசிக்குருணை போல வெள்ளையாக இருக்கும். அதுதான் முட்டை. பானைக் குளவி இரை தேடப் போகும் முன்பே முட்டையிட்டு, அறையின் மேற்பக்கத்திலிருந்து மெல்லிய இழையில் தொங்கவிடுகிறது. அடைபட்ட புழுக்கள் முழுவதும் செயலிழப்பதில்லை, அவ்வப்போது நெளியும். அந்த நெளிவில் முட்டை நசுங்காமலிருக்கத்தான் இழை என்று பிரெஞ்சுப் பூச்சியியலாளர் ஃபாப்ர் விளக்கினார். சேற்றுக் குளவி தன் முட்டையைத் தொடக்கத்தில் கொண்டுவந்த சிலந்திகளில் ஒன்றின் வயிற்றில் ஒட்டிவிடுகிறது.

ஊசி முனையால் ஒரு புழுவைத் தொட்டால் லேசாக அசையும். செத்திருந்தால் நம் வெயிலுக்கு இரண்டு நாளில் அழுகியிருக்கும். ‘கொட்டிக் கொட்டி’ என்று வழக்கில் சொல்வது சரியான கவனிப்பு. பல தரம் கொட்டத்தான் செய்கிறது. புழுவின் நரம்பு மண்டலம் தலையில் மட்டும் இல்லை, உடம்பின் அடிப்பக்கம் நெடுக வளையத்துக்கு வளையம் நரம்பு முடிச்சுகள் இருக்கின்றன. ஒரு முடிச்சைச் செயலிழக்க வைத்தால் மற்ற வளையங்கள் துள்ளிக்கொண்டே இருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கொட்டுகிறது.

குளவி ரீங்காரமிட்டுப் புழுவுக்கு உபதேசம் செய்கிறது என்பார்கள். அந்தச் சத்தமும் பொய்யல்ல. சேற்றுக் குளவி ஈரமண் உருண்டையைக் கூட்டில் வைத்துத் தாடையால் அழுத்தும்போது பறக்கும் தசைகளை அதிரவைக்கும். அதிர்வில் மண் இளகிப் பரவும், பிடித்துக்கொள்ளும். கொத்தனார் கான்கிரீட்டுக்கு வைப்ரேட்டர் போடுகிறாரே, அதே வேலை. காது கொடுத்தால் இரண்டு மூன்று அடி தள்ளியும் கேட்கும். குளவி கூட்டருகில் உட்கார்ந்து முரலுகிறது, சில வாரம் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வருகிறது என்று பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டதில் வியப்பில்லை. நடுவில் நடந்தது சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் மறைந்துவிட்டது.

அந்த நடுவைப் பார்க்க, பெயர்த்த பாளத்தைத் திறந்த பக்கம் மேலே இருக்கும்படி கண்ணாடிக் குவளையில் வைத்து, வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் வளையம் போடுங்கள். குவளையைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே ராத்திரியில் எறும்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். வெயில் படக்கூடாது; தண்ணீர் தெளிக்கவே கூடாது, பூஞ்சணம் பிடிக்கும். தினம் ஒரே நேரத்தில் செல்பேசியில் படம் எடுத்தால் போதும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரிந்து கால் இல்லாத வெளிர்மஞ்சள் புழு வரும். பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகத் தின்று ஏறக்குறைய ஒரு வாரத்தில் அறை கொள்ளாத அளவுக்குப் பருக்கும். பிறகு கூட்டுப்புழுவாகும். வெயில் காலமானால் முட்டையிட்டதிலிருந்து மூன்று நான்கு வாரத்தில் குளவி வெளியே வரும். அடைபட்ட பச்சைப் புழுக்களில் மிஞ்சியது தலை ஓடும் தோலும்தான்.

சில சமயம் ஏமாற்றமும் வரும். பெயர்க்கும்போது முட்டை உதிர்ந்துவிட்டால் புழுக்கள் காய்ந்து கருகிப்போகும், ஒன்றுகூடக் குளவியாகாது. வேண்டுமென்றே ஓர் அறையில் முட்டையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுப் பார்த்தால் விவகாரம் அதோடு தீர்ந்தது. இன்னொரு கூட்டிலிருந்து மயில்கழுத்துப் பச்சை நீலத்தில் மின்னும் குளவி வரலாம். அது குயில் குளவி. சேற்றுக் குளவியின் அறைக்குள் தன் முட்டையை இட்டுவிட்டுப் போயிருக்கும். மஞ்சள் கறுப்புக் குளவியையே நினைத்துக் கிடந்த சிலந்தி நீலக் குளவியானது எப்படி என்று கட்டுரையாளர் யோசிக்க வேண்டும். இன்னும் மோசம், ஒரே அறையிலிருந்து கொசுவைவிடச் சிறிய ஒட்டுண்ணிகள் டஜன் கணக்கில் கிளம்புவது.

இதே நம்பிக்கை சீனத்திலும் இருந்தது. கன்பூசிய மரபின் மூலநூல்களில் ஒன்றான பழங்கவிதைத் தொகையில், பச்சைப் புழுவின் குஞ்சைக் குளவி தூக்கிச் செல்வதாக ஒரு வரி வருகிறது. உரைகாரர்கள் அதைக் குளவி தத்தெடுப்பதாகவே படித்தார்கள்; அந்தப் புழுவின் பெயரான மிங்லிங் என்ற சொல்லுக்கே தத்துப்பிள்ளை என்று பொருள் வந்துவிட்டது. தாவோ ஹோங்ஜிங் என்ற மருத்துவர், தாவோ துறவி, காலம் 456–536. குளவி தினையளவு முட்டையிட்டு, பத்துக்கு மேற்பட்ட சிலந்திகளைப் பிடித்து நிரப்பி, வாயை அடைத்து, குஞ்சு வளரும்போது உணவாகட்டும் என்று வைக்கிறது என அவர் எழுதிவைத்தார். நாணல் குழாயில் கூடு வைக்கும் மற்றொரு வகை பச்சைப் புழுக்களைப் பிடிக்கிறது என்பதையும் பிரித்துச் சொன்னார். நுண்ணோக்கியும் இல்லை, ஆய்வகமும் இல்லை. மூலநூலை மதித்தவர்தான், ஆனாலும் கூட்டைப் பார்த்தார்.

அடுத்தது தேனீ. கட்டுரையில் ஒரு வரிதான் வருகிறது, ஆனால் சுவையான வரி. பிரச்ன உபநிஷதம் 2-ஆம் பிரச்னம், 4-ஆம் மந்திரம்: தேனீக்களின் அரசன் கிளம்பினால் எல்லாத் தேனீயும் கிளம்புகின்றன, அவன் அமர்ந்தால் எல்லாம் அமர்கின்றன, பிராணனும் இந்திரியங்களும் அப்படியே. மார்த்தாண்டம் பக்கம் தேனீ வளர்ப்பவர்களைக் கேட்டால் பாதி சரி என்பார்கள். பிரிந்துபோய்க் கிளையில் தொங்கும் கூட்டத்தைப் பெட்டியில் உதறும்போது, ராணி உள்ளே விழுந்துவிட்டால் மிச்சத் தேனீ தானாக வரிசைகட்டி நுழையும். ராணி கிளையிலேயே தங்கிவிட்டால் பெட்டியில் விழுந்ததெல்லாம் சற்று நேரத்தில் திரும்பக் கிளைக்கே போய்விடும். அதனால்தான் முதல் சில நாள் வாசலில் ராணித் தடுப்பு போடுகிறார்கள். வேலைக்காரத் தேனீ நுழையும் இடுக்கில் ராணி நுழைய முடியாது. இந்த அளவுக்கு மந்திரத்தின் கவனிப்பு கூர்மையானது.

மற்றப் பாதி வேறு. அது அரசன் அல்ல, அரசி. ஐரோப்பாவிலும் அரிஸ்டாட்டில் காலம் தொட்டு அரசன் என்றுதான் எழுதிவந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு இயற்கையியலாளர் ஸ்வாமர்டாம் அறுத்துப் பார்த்து உள்ளே சினைப்பையைக் கண்டபின்தான் வழக்குத் தீர்ந்தது. எங்கே போவது என்று முடிவுசெய்வதும் ராணி அல்ல. 1949 வாக்கில் ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டவர், தொங்கும் கூட்டத்தின்மேல் சில தேனீக்கள் புகைக்கரியும் செங்கல் தூளும் படிந்த உடம்போடு நடனமாடுவதைக் கவனித்தார். புகைபோக்கியிலும் சுவர்ப் பொந்திலும் புகுந்து வீடு பார்த்துவிட்டு வந்தவை அவை. ஆளுக்கோர் இடத்தை நடனத்தால் சொல்லி, ஓர் இடத்துக்கு ஆதரவு திரண்டபின்தான் கூட்டம் கிளம்புகிறது. ராணி அதில் ஒரு பயணி. ஆனால் அவள் வழியில் தவறிவிட்டால் கூட்டம் பயணத்தை நிறுத்திவிடும்.

நூல் சரியாகவும் அறிஞர்கள் தவறாகவும் இருந்த இடமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. விவிலியத்தின் நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம், எறும்புக்குத் தலைவனும் அதிகாரியும் இல்லை, ஆனாலும் அறுப்புக்காலத்தில் தானியம் சேர்க்கிறது என்கிறது. ஐரோப்பிய இயற்கையியலாளர்கள் தங்கள் ஊர் எறும்புகளைப் பார்த்துவிட்டு, எறும்பாவது தானியம் சேர்ப்பதாவது, கூட்டுப்புழுவைத் தூக்கிப் போவதைப் பார்த்துப் பழங்காலத்தார் தானியமென்று ஏமாந்திருக்கிறார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டில் ஒதுக்கினார்கள். குளிர்நாட்டு எறும்பு குளிரில் உறைந்து கிடக்கும், அதற்குச் சேமிப்பு தேவையில்லை. பாலஸ்தீனம் போன்ற வறண்ட நாட்டில் கதை வேறு. 1829-இல் புனேயில் கர்னல் சைக்ஸ், மழையில் நனைந்த புல்விதைகளை எறும்புகள் வெளியே கொண்டுவந்து வெயிலில் உலர்த்துவதைப் பார்த்துக் குறித்தார். தென்னிந்திய எறும்புகளைப் பட்டியலிட்ட ஜெர்டனும் விதை சேர்ப்பவற்றைக் கண்டார். 1873-இல் ஆங்கில இயற்கையியலாளர் மொகிரிட்ஜ் தென் பிரான்ஸில் கூடுகளைத் தோண்டி விதைக் களஞ்சியங்களையே காட்டியபின் மறுப்பு அடங்கியது. நம் கிராமத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எறும்புப் புற்றைச் சுற்றிக் கிடக்கும் உமி தெரியாதவர் யார்? தலைவன் இல்லை என்பதும் சரிதான். ராணி எறும்பு முட்டையிடுவதோடு சரி, யாருக்கும் ஆணை பிறப்பிப்பதில்லை.

விட்டிலைப் பற்றிச் சுருக்கமாக. கீதை 11-ஆம் அத்தியாயம் 29-ஆம் சுலோகத்தில் அர்ஜுனன், எரியும் தீயில் விட்டில்கள் அழிவுக்காக வேகமாய்ப் பாய்வதைச் சொல்கிறான். கண்ணுக்குத் தெரிவது அதுதான். 2024-இல் வெளியான ஆய்வு ஒன்று அதிவேகக் கேமராவில் பார்த்தது: பூச்சி விளக்கை நோக்கிப் பாய்வதில்லை, முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இரவில் வானம்தான் வெளிச்சமான பக்கம் என்பதால், முதுகை அங்கே வைத்தால் நேராகப் பறக்கலாம். பக்கவாட்டில் விளக்கு வந்தால் சாய்ந்து சாய்ந்து சுற்றுகிறது. விளக்குக்கு நேர் மேலே வந்தால் மல்லாக்கப் புரண்டு விழுகிறது. ஆசையும் இல்லை, தற்கொலையும் இல்லை.

கட்டுரையில் குர்ஆனைப் பற்றியும் ஒரு பத்தி வருகிறது. 16-ஆம் அத்தியாயம் 68, 69 வசனங்களில் தேனீயிடம் பேசும் வினைகள் பெண்பாலில் இருப்பதால், வேலைக்காரத் தேனீ பெண் என்று அப்போதே சொல்லப்பட்டுவிட்டது என்கிறது. அரபியில் இப்படிப்பட்ட கூட்டப் பெயர்களுக்குப் பெண்பால் வினை வருவது இலக்கண வழக்கு. அதே அரபியர் தேனீக் கூட்டத் தலைமையை யஃசூப் என்று ஆண்பாலில்தான் அழைத்தார்கள். தமிழ் மொழிபெயர்ப்பில் தேனீ அஃறிணை. இந்த வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. அந்த வசனங்களுக்கு இப்படிப்பட்ட முட்டுக்கொடுப்பும் தேவையில்லை. மலையிலும் மரத்திலும் மனிதர் கட்டித் தருவதிலும் தேனீ குடியிருக்கும், வயிற்றிலிருந்து பல நிறப் பானம் வரும் என்பது நேரான கவனிப்பு. பூந்தேனைத் தேனீ தேன்பையில் சுமந்து வந்து, நொதியம் சேர்த்து, வாய் மாற்றி வாய் மாற்றி, சிறகால் விசிறி ஈரத்தைச் சுமார் இருபது சதவீதத்துக்குக் கொண்டுவருகிறது. நிறம் பூவைப் பொறுத்தது.

திருத்தம் போடுவதாக இருந்தால், கட்டுரையோடு வந்த படத்தையும் மாற்றிவிடுங்கள். ‘புழுவுக்கு உபதேசிக்கும் குளவி’ என்று நீங்கள் போட்டிருப்பது காகிதக் குளவி. அது மரநாரை மென்று கூடு கட்டும், மண்ணைத் தொடாது. பிடித்த புழுவையும் அடைத்துவைக்காது. அங்கேயே கடித்துக் கூழாக்கி உருட்டி வந்து குஞ்சுக்கு ஊட்டிவிடும்.

இப்படிக்கு,
விலங்கியல் ஆசிரியர்கள் சிலர்,
தஞ்சாவூர் மாவட்டம்